12 வோல்ட் நியாயம்

எனக்கு ஆறடி உயரம். ஐந்தடித் தங்கை ஒருநாள் என் காரை எடுத்துப் போனாள். ஓட்ட வாகாகச் சீட்டை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். மறுநாள் காலை சீட் அங்கேயே நின்றுவிட்டது. பவர் சீட், சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினாலும் 'உம்' என்ற சத்தம்கூட இல்லை. முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொள்ள, தாடையால் ஹாரன் அடிக்கும் தூரத்தில் உட்கார்ந்து கம்பெனி சர்வீஸ் சென்டர் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஏ.சி. உண்டு, காபி உண்டு, கையில் டேப்லட் வைத்த தம்பி உண்டு. ஸ்கேனரைச் சொருகினார்கள். கோளாறு எதுவும் பதிவாகவில்லையாம். ஆகவே சீட்டை மாற்ற வேண்டுமாம். குற்றம் நிரூபணமாகவில்லை, எனவே தூக்கு.

"மோட்டார் தனியா வராது சார், அசெம்பிளியாத்தான் வரும்."

"ஒரு ஒயர் அறுந்திருந்தா?"

"ஒயரும் தனியா வராது சார்."

சொத்தைப் பல் என்று போனால் தலையை அசெம்பிளியாக மாற்றித் தரும் ஆஸ்பத்திரி. எஸ்டிமேட் 92 ஆயிரத்துச் சில்லறை. வெளியே காட்டலாமா என்று வாய் திறந்ததும் தம்பியின் முகம் கருத்தது. வாரண்டி போய்விடும், சீட்டுக்கு அடியில் ஏர்பேக் ஒயர் ஓடுகிறது, வெடித்தால் கம்பெனி பொறுப்பில்லை. ஒன்றையும் கண்டுபிடிக்காததற்குக் கூலி 1,500 ரூபாய். ஜி.எஸ்.டி. சேர்த்து 1,770.

புதுப்பேட்டைப் பக்கம் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். அவரிடம் ஏ.சி. இல்லை, காதில் பென்சில் இருந்தது. உள்விளக்கைப் போடச் சொன்னார். "இப்ப சுவிட்ச அழுத்துங்க. லைட்டு மங்குதா?" மங்கவில்லை. மோட்டார் இறுகியிருந்தால் கரண்ட்டை இழுத்து விளக்கைச் சற்று மங்க வைக்குமாம். மங்காவிட்டால் கரண்ட்டே அங்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். ஸ்கேனருக்குத் தெரியாததை ஒரு குட்டி பல்பு சொல்லிவிட்டது.

30 ஆம்பியர் ஃப்யூஸ் நலமாக இருந்தது. பின்சீட்டுப் பக்கம் குப்புறப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அடியில் கைவிட்டார். மஞ்சள் கனெக்டரை மட்டும் தொடவில்லை. "அது ஏர்பேக் சார். கழட்டணும்னா பேட்டரிய எடுத்துட்டு, கொஞ்ச நேரம் விட்டுத்தான் கழட்டணும்." தம்பி பூச்சாண்டியாகக் காட்டியது இவருக்கு ஒரு வேலைமுறை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சீட்டுக்கு வரும் ஒயரில் மீட்டரை வைத்தார். 12 வோல்ட். எனக்குக் குழப்பம். அவர் சிரித்துக்கொண்டே அதே இடத்தில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தார். எரியவில்லை. "மீட்டர நம்பாதீங்க. அது கரண்ட்டு குடிக்காது, அதுக்கு ஒத்த முடி போதும். பல்பு எரியணும்னா முழுக் கம்பி வேணும்." சீட் நகரும் தண்டவாளத்தில் உரசி உரசி ஒயரின் தோல் உரிந்திருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே போய்ச் செம்பு பச்சைக் களிம்பாகிவிட்டது. ஒரு முடி மட்டும் ஒட்டிக்கொண்டு 12 வோல்ட் என்று பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து எந்த அரசாணையைப் படித்தாலும் எனக்கு அந்த மீட்டர்தான் தெரிகிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரிபாகத்தையும் கோளாறு கண்டறியும் கருவியையும் வெளி மெக்கானிக்குக்குக் கொடு என்றது. வெளியே வேலை பார்த்தான் என்பதற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யாதே, அந்த வேலையால் கெட்டுப்போனதற்கு மட்டும்தான் மறுக்கலாம் என்றும் சொன்னது. 12 வோல்ட்! கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கு ஓடின. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென்று ஓர் இணையதளத்தையே திறந்து வைத்தது. அதிலும் 12 வோல்ட்! இத்தனை வோல்ட்டையும் சுமந்துகொண்டு அந்தக் கவுன்ட்டரில் போய் நில்லுங்கள். "வாரண்டி போயிடும் சார்." பல்பு எரியாது.

இவர்களாவது சீட்டை விற்றுவிட்டுத்தான் கொள்ளையடிக்கிறார்கள். ஆனால் 2022-ல் பி.எம்.டபிள்யூ பிரிட்டனில் சீட்டைச் சூடாக்க மாதம் 15 பவுண்டு வாடகை கேட்டது. சூடாக்கும் கம்பி ஏற்கெனவே சீட்டுக்குள் இருக்கிறது, காசு கொடுத்தவன் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறான். சூடு மட்டும் வாடகைக்கு. ஊர் கூடித் திட்டிய பிறகு, 2023-ல் கைவிட்டார்கள். சென்னையில் மே மாதம் வெயிலில் நிறுத்திய காரில் சூரியன் இந்தச் சேவையை இலவசமாகச் செய்வதை அவர்கள் இன்னும் கவனிக்கவில்லை. கவனித்தால் அதற்கும் ஒரு திட்டம் வரும்.

எலெக்ட்ரீஷியன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, களிம்பேறிய துண்டை வெட்டி எறிந்து, புதுத் துண்டை வைத்துப் பற்றவைத்தார். ஸ்லீவ் மாட்டிச் சூடுகாட்டி இறுக்கினார். இனி உரசாதபடி ஒயரைத் தண்டவாளத்தை விட்டு விலக்கிக் கட்டினார். சீட் 'உம்' என்று பின்னால் போனது. அறுநூறு ரூபாய். அதையும் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் கேட்டார்.

அடுத்த வாரம் சர்வீஸ் சென்டர் தம்பி போன் செய்தான். சீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "சார், ஒரு மெசேஜ் வரும். அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க சார். நாலு போட்டா இன்சென்டிவ்ல பிடிச்சிடுவாங்க." குரல் நடுங்கியது. அந்தக் களிம்புக் கம்பி நினைவுக்கு வந்தது. மொத்தக் கம்பெனியும் அந்த ஒற்றை முடியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது போல.

ஐந்து ஸ்டார் போட்டேன்.