ஐந்து நிமிஷப் பொறுமை

பத்து மணி டீ குடித்துவிட்டு வந்தால் பெட்டிகள் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கும். போகும்போது "சோதனை முடிந்தது, எண்டர் தட்டவும்" என்று ஆங்கிலத்தில் நின்றவை, வரும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி மெமரியை எண்ணிக்கொண்டிருக்கும். ஒரகடத்தில், பெயர் வேண்டாம், ஒரு கம்பெனி. கணினிப் பலகைகளைச் சோதிக்கும் லைனுக்குப் புரோகிராம் எழுதியவன் நான். ஆகவே பழியை முதலில் மின்சாரத்தின் மேல் போட்டேன்.

மெயின்டனன்ஸ்காரர் எர்த்தைப் பார்த்தார். யுபிஎஸ்ஸை மாற்றினோம். நான் போய் எதிரே உட்கார்ந்தால் பெட்டி பரம சாது. டாக்டரைக் கண்டதும் இருமல் நின்றுபோகிற நோயாளி மாதிரி. கடைசியில் லைனில் வேலை பார்க்கும் பெண் ஒருவர், செய்யாறு பக்கத்துக்காரர், ரிஜெக்ஷன் தாளின் பின்பக்கத்தில் கோடு கிழித்து வைத்திருந்த கணக்கை நீட்டினார்.

"டீக்குப் போனா ஒரு தடவை, சில நாள் ரெண்டு தடவை சார். சாப்பாட்டுக்குப் போனா அஞ்சு. நாங்க எங்கயும் போகலன்னா ஒண்ணும் ஆகறதில்ல."

சூப்பர்வைசர் இதிலிருந்து எடுத்த முடிவு, டீ பிரேக்கை நிறுத்திவிடலாம் என்பது.

விஷயம் இதுதான். விண்டோஸோ லினக்ஸோ எழுந்திருப்பதற்கு முன்பே எங்கள் சோதனை ஓடும். அந்த நேரத்தில் பெட்டிக்குள் இருப்பது ஃபர்ம்வேர் மட்டும். விடியற்காலையில் ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி மட்டும் இருப்பதைப்போல. எது வேண்டுமானாலும் அவரிடம்தான் கேட்க வேண்டும். ஒரு வரியைக் கொடுத்து, "திரையில் எழுதுங்கள்" எனலாம். "யாராவது விசையைத் தட்டினார்களா?" எனலாம். தட்டவில்லையென்றால் "தயாரில்லை" என்று பதில் வரும். என் புரோகிராம் இதையே ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும், பந்தியில் சாம்பார் வாளி எங்கே என்று கேட்பவர் மாதிரி.

நான் கவனிக்காதது ஒன்று. யூஇஎஃப்ஐ என்கிற இன்றைய ஃபர்ம்வேர், ஒரு புரோகிராமை ஓட விடும்போதே ஐந்து நிமிஷத்துக்கு வாட்ச்டாக் டைமர் என்ற கடிகாரத்தையும் திருகிவிடுகிறது. அதற்குள் யாரும் அதை நிறுத்தவில்லையென்றால், உள்ளே போன ஆள் மயங்கி விழுந்துவிட்டான் என்று முடிவுகட்டிப் பெட்டியையே ரீசெட் செய்துவிடும். என் சோதனை மூன்றரை நிமிஷம். உடனே எண்டர் தட்டினால் பிழைத்தது. டீயோ பத்து நிமிஷம். என் மேஜையில் மட்டும் ஏன் ஒழுங்காக ஓடியது? அங்கே நான் ஓட்டியது ஷெல் என்கிற கட்டளைத் திரை வழியாக. ஷெல் வந்ததும் அந்தக் கடிகாரத்தை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். லைனில் பென் டிரைவிலிருந்து நேரே கிளம்பியது. சரிசெய்ய ஒரே ஒரு வரி, உள்ளே முழுக்கப் பூஜ்யம். எழுத ஒரு நிமிஷம், கண்டுபிடிக்கப் பதினொரு நாள்.

நான் படித்த காலத்து ஃபர்ம்வேரான பயாஸுக்கு இந்த அவசரம் கிடையாது. விசைக்காகக் காத்திரு என்றால் யுகக்கணக்கில் காத்திருக்கும். அதன் குறை வேறு: பதினைந்து விசைகளுக்கு மேல் கையில் பிடிக்காது. புரோகிராம் வேறு வேலையாக இருக்கும்போது பார்கோடு ஸ்கேனர் (கணினியைப் பொறுத்தவரை அதுவும் வேகமாகத் தட்டும் விசைப்பலகைதான்) பதினெட்டு எழுத்தைக் கொட்டினால், மிச்சத்துக்கு "பீப், பீப்" என்று கத்திவிட்டுக் கீழே போட்டுவிடும். எங்கள் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர், தான் நரகம் போனாலும் பரவாயில்லை என்று திருக்கோஷ்டியூரில் கோபுரமேறி ரகசிய மந்திரத்தை ஊருக்கே சொன்னார் என்பார்கள். அதே மாதிரி, 1981-ல் வந்த தன் பீசியின் பயாஸ் நிரலை ஐபிஎம் முழுசாகக் கையேட்டில் அச்சிட்டுக் கொடுத்தது. அவ்வளவு கருணை அதற்கு இருந்திருக்காது. ஆனாலும் பீசி செய்த மற்றவர்கள் மோட்சம் போனார்கள். ஐபிஎம் 2005-ல் பீசி வியாபாரத்தையே லெனோவோவுக்கு விற்றுவிட்டுக் கிளம்பியது.

கடிகாரத்தை நிறுத்திய தெம்பில் எனக்கு இன்னொரு ஆசை வந்தது. லைனில் எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள். செய்தியும் தமிழில் வரட்டுமே! யூஇஎஃப்ஐ ஓர் எழுத்துக்கு 16 பிட் வாங்கிக்கொள்ளும், யூனிகோடில் நமக்கு இடமும் இருக்கிறது. அனுப்பினேன். திரையில் வெறும் கறுப்பு. பிழை என்றுகூடச் சொல்லவில்லை; "தெரியாத எழுத்து" என்று ஓர் எச்சரிக்கையோடு மரியாதையாக விட்டுவிட்டது. எழுத்துருவை நாமே செய்து கொடுக்கலாம்தான். ஆனால் அதற்கு ஓர் எழுத்து என்றால் 8 புள்ளி அகலம், 19 புள்ளி உயரமுள்ள ஒரு கட்டம். ஒரு குறியீட்டுக்கு ஒரு கட்டம். ஸ்ரீபெரும்புதூரின் 'ஸ்ரீ' இருக்கிறதே, அது யூனிகோடில் நான்கு குறியீடு: ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. ஊர்ப் பெயரின் முதல் எழுத்தே சண்டை போட்டுக்கொண்ட குடும்பம் மாதிரி நாலு சீட்டில் நாலு பேராக உட்காரும்.

வாட்ஸ்அப் தமிழுக்கு இறங்கினேன். எண்டருக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ஏ-எம்-யு-கே-கே-யு. அமுக்கு. லைன் முழுக்க ஒரே நொடியில் படித்துவிட்டார்கள். கோடு கிழித்துக் கொடுத்த அதே பெண் மட்டும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன் சார், ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குன்னா 'அமுக்கவும்'னு போட்டிருப்பீங்க இல்ல?"

அன்று சாயங்காலமே கடைசி யு-வை எடுத்துவிட்டு ஏ-வி-யு-எம் சேர்த்தேன். கூடுதலாக மூன்று எழுத்து, ஆறு பைட். மாற்றப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'மரியாதை' என்று எழுதினேன். குவாலிட்டிக்காரர் படித்தாரோ என்னவோ, கையெழுத்துப் போட்டுவிட்டார்.