பழி ஓரிடம், குண்டு ஓரிடம்

கேள்வி: ரேமண்ட் சாண்ட்லரின் 'தி பிக் ஸ்லீப்' நாவலில் டிரைவர் ஓவன் டெய்லரைக் கொன்றது யார்? இரண்டு தடவை படித்தும் பிடிபடவில்லை.

பதில்: மூன்றாம் தடவை படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதியவருக்கே தெரியாது. 1939-ல் வந்த நாவலை ஹோவர்ட் ஹாக்ஸ் படமாக்கியபோது இதே சந்தேகம் கிளம்பியது. திரைக்கதைக் குழுவில் பின்னாளில் நோபல் வாங்கிய வில்லியம் ஃபாக்னரே இருந்தும், சாண்ட்லருக்குத் தந்தி அடிக்க வேண்டியதாயிற்று. "எனக்கும் தெரியவில்லை" என்ற ரீதியில்தான் பதில் போனது. 1949-ல் ஒரு கடிதத்தில் அவரே இதை ஒப்புக்கொள்கிறார். கடலில் விழுந்த கார், நெற்றிப்பொட்டில் காயம் — தற்கொலையும் ஆகலாம், கொலையும் ஆகலாம். "அடித்தேன், கொல்லவில்லை" என்கிறான் ஜோ பிராடி என்ற மிரட்டல் பேர்வழி. மேற்கொண்டு விசாரிக்கலாம் என்றால் அவனையும் சுட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: காரண காரியமே இல்லாத நாவலை எதற்காகக் கொண்டாடுகிறார்கள்?

பதில்: யார் சொன்னது இல்லையென்று? காரணம் தப்பாக இருக்கும், காரியம் கச்சிதமாக நடக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் நாம் சிரித்துவிட்டுப் போவோம். சாண்ட்லரின் லாஸ் ஏஞ்சலஸில் காக்கையைச் சுட்டுவிடுவார்கள். ஆபாசப் புத்தகங்களை ரகசியமாக வாடகைக்கு விடும் கைகரைக் கொன்றது டிரைவர் ஓவன். கைகரின் சரக்கு பிராடி வீட்டுக்குப் போனதும், கைகரோடு வாழ்ந்த இளைஞன் 'இவன்தான் கொலைகாரன்' என்று முடிவுகட்டி, கதவைத் திறந்த பிராடியைச் சுடுகிறான். செய்யாத கொலைக்குச் சாவு!

துப்பறியும் மார்லோவின் கதை இன்னும் வேடிக்கை. பணக்கார ஜெனரல் அவனை அமர்த்தியது பணம் கேட்டு மிரட்டுகிற கைகரைக் கவனிக்க. ஊரோ, காணாமல்போன மருமகன் ரஸ்டி ரீகனைத்தான் தேடுகிறான் என்று நம்பிப் பதறுகிறது. ஆளாளுக்கு அதையே கேட்கக் கேட்க, கடைசியில் அவனும் ரீகனைத் தேடக் கிளம்பிவிடுகிறான். காரியம் முன்னால் போய், காரணத்தைப் பின்னால் வரச்சொல்கிறது.

கேள்வி: இது திறமையா, சோம்பலா?

பதில்: சிக்கனம். 'பிளாக் மாஸ்க்' இதழுக்கு எழுதிய 'கில்லர் இன் த ரெயின்' (1935), 'த கர்ட்டன்' (1936) என்ற தன் பழைய கதைகளைப் பிரித்து, சேர்த்து ஒட்டித்தான் சாண்ட்லர் இந்த நாவலைச் செய்தார். கைகர் விவகாரம் ஒன்றிலிருந்து, காணாமல்போனவன் விவகாரம் மற்றதிலிருந்து. முதல் வழக்கு பாதிப் புத்தகத்திலேயே முடிந்துவிடுவதன் ரகசியம் அதுதான்.

கேள்வி: படத்திலாவது விளக்கினார்களா?

பதில்: விளக்கினார்கள், பிறகு வெட்டிவிட்டார்கள். 1945-ல் முடித்த பிரதியில் நடந்ததையெல்லாம் அலசும் ஒரு காட்சி இருந்தது. 1946-ல் வெளியானபோது அது போய், நாயகன் ஹம்ப்ரி போகார்ட்டும் நாயகி லாரன் பகாலும் சீண்டிப் பேசும் புதுக் காட்சிகள் வந்தன. பகாலைப் பார்க்கும்போது யாருக்கு டிரைவர் ஞாபகம் வரும்?

கேள்வி: இந்தக் காரண காரிய விஷயத்தில் இன்னொரு துப்பறியும் எழுத்தாளர் டாஷியல் ஹாமெட் எப்படி?

பதில்: பிங்கர்ட்டன் நிறுவனத்தில் நிஜமாகவே துப்பறிந்தவர். அவருடைய 'த மால்டீஸ் ஃபால்கன்' (1930) நாவலின் நடுவில், கதைக்குச் சம்பந்தமில்லாததுபோல் ஒரு குட்டிக்கதை வரும். டகோமா நகரில் ஃபிளிட்கிராஃப்ட் என்ற ஒழுங்கான குடும்பஸ்தன் நடந்துபோகிறான். கட்டுமான உத்தரம் ஒன்று பக்கத்தில் விழுகிறது. கன்னத்தில் சிராய்ப்பு, அவ்வளவுதான். உலகம் நியாயப்படி நடப்பதில்லை என்று தெளிந்து, மனைவி மக்களை விட்டு ஓடிப்போகிறான். சில வருஷம் கழித்துப் பார்த்தால் வேறு ஊரில் வேறு மனைவி, அதே குடும்பஸ்தன். ஒரு விபத்தைக் காரணமாக எடுத்துக்கொண்டான். இன்னொரு உத்தரம் விழவில்லை, பழைய ஆளாகிவிட்டான்.

கேள்வி: அகதா கிறிஸ்டியின் பொய்ரோ கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் உட்காரவைத்துக் காரணம் சொல்வாரே, மார்லோவுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டா? (முடிவைச் சொல்லலாம், பரவாயில்லை.)

பதில்: மார்லோ பிரசங்கம் செய்யமாட்டான், சோதனை செய்வான். ரீகனைக் கொன்றது ஜெனரலின் இளைய மகள் கார்மன். அவளை ரீகன் வேண்டாம் என்று சொன்னதுதான் குற்றம். மார்லோவும் அவளை வேண்டாமென்றவன். சுடக் கற்றுக்கொடு என்று அவள் கேட்டதும், துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாக்களைப் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே நிற்கிறான். அவள் சுடுகிறாள். அதே காரணம், அதே காரியம்: நிரூபணம் முடிந்தது!

பொய்ரோ என்றால் அடுத்து போலீஸ் உள்ளே வரும். மார்லோ அவளுடைய அக்காவிடம், "இவளை எங்கேயாவது கொண்டுபோய் வைத்தியம் பார்" என்கிறான். சாகக் கிடக்கும் ஜெனரலிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. தப்பான காரணத்துக்கு உயிரே போன புத்தகத்தில், சரியான காரணத்துக்கு ஒரு சம்மன்கூடப் போகவில்லை. இதைவிடத் துல்லியமாக ஒரு நகரத்தைத் துப்பறிய முடியுமா என்ன!