மச்சான் மோடு

என் கேமராவுக்கு வெள்ளை வேட்டி ஆகாது. சித்தப்பா சலவைக்குப் போட்டு வாங்கி, கஞ்சி விறைப்போடு கட்டிக்கொண்டு வந்து நிற்பார். படத்தில் அந்த வேட்டி அழுக்கேறிச் சாம்பல் பூத்திருக்கும். அதே கேமராவை எதிர்வீட்டு எருமைக்குக் காட்டினால் அதற்குத் தனி மரியாதை. கன்னங்கரேலென்று நிற்கிற எருமை ஒரு சுற்று வெளுத்து, அதுவும் சாம்பலுக்கு வந்துவிடும். சித்தப்பா வேட்டியும் எருமையும் ஒரே நிறத்தில் இருக்கிற ஆல்பம் ஒன்று வீட்டில் இருக்கிறது. சித்தப்பா வரும்போது அதை வெளியே எடுப்பதில்லை.

எல்லாம் வளர்ப்பு அப்படி. உள்ளே இருக்கிற ஒளிமானிக்கு வேட்டியும் தெரியாது, எருமையும் தெரியாது. எதிரே எது நின்றாலும், சராசரி பார்த்தால் அது நடுத்தரச் சாம்பல்தான் என்று சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். விழுகிற வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல். வெள்ளை நிறைய இருந்தால், அடடா வெளிச்சம் ஜாஸ்தி என்று குறைக்கும். கறுப்பு நிறைய இருந்தால் பரிதாபப்பட்டுக் கூட்டும். 1983-இல் நிக்கான் எஃப்ஏ கேமரா காட்சியை ஐந்து பகுதியாகப் பிரித்து அளந்து பார்க்க ஆரம்பித்தது. பிறகு வந்தவை நூறு, ஆயிரம் என்று பிரித்துப் பார்த்துவிட்டன. ஆனாலும் கூட்டுக் குடும்பம் முழுக்க வேட்டி கட்டி வரிசையில் நின்றால் இன்றைக்கும் ஒளிமானி குழம்பத்தான் செய்கிறது.

பரிகாரம் உண்டு. கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பட்டன், பெயர் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப்பாக ஏற்றி இறக்கலாம். கூட்டல் ஒன்று வைத்தால் வெளிச்சம் இரட்டிப்பு, கழித்தல் ஒன்று வைத்தால் பாதி. வேட்டிக்குக் கூட்டல், எருமைக்குக் கழித்தல். இரண்டும் ஒரே ஃப்ரேமில் வந்தால் சித்தப்பாவைத்தான் நகரச் சொல்ல வேண்டும். எருமை நகராது.

இவ்வளவு முக்கியமான பட்டனைக் கம்பெனிக்காரர்கள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், பின்பக்கச் சக்கரத்தின் அடிப்பாகத்தில், கட்டைவிரலை மடக்கினால் ஒழிய எட்டாத இடத்தில். லென்ஸைச் சுற்றி அழகாக ஒரு வளையம் இருக்கிறது. 2009-இல் கேனன் பவர்ஷாட் எஸ்90 கேமராவில் வந்த ஏற்பாடு இது. 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100-இலும் இருந்தது. சட்டைப்பைக் கேமராவுக்குக் கிடைத்த பெரிய வரம் என்பேன். என் கேமராவில் (கம்பெனி பெயர் வேண்டாம், நல்ல கேமராதான்) அந்த வளையத்துக்குக் கொடுத்திருந்த உத்தியோகம் ஜூம். ஜூமுக்கு மேலே ஏற்கெனவே ஒரு நெம்புகோல் இருக்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு ஆள், எக்ஸ்போஷருக்கு ஆளே இல்லை. மெனுவுக்குள் போய் வளையத்தை எக்ஸ்போஷருக்கு மாற்றல் செய்தேன். இப்போது திரையைப் பார்த்துக்கொண்டே வளையத்தைத் திருப்பினால் வேட்டி கண்ணெதிரே வெளுக்கிறது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே அந்த மெனுவை மன்னிக்கலாம்.

ஆனால் மெனுவுக்குள் ஒரு முறை போனவன் சும்மா திரும்பி வருவதில்லை. அடுத்து ஃபோகஸ்.

கையால் ஃபோகஸ் செய்பவர்களுக்கு உதவியாக, எந்த இடம் துல்லியமாக இருக்கிறதோ அந்த விளிம்புகளைக் கேமரா கலர் பூசிக் காட்டும். பீக்கிங் என்று பெயர். சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மூன்று கலர் கொடுத்திருந்தார்கள். நம்மூர்க் கல்யாணத்தைப் பார்க்காதவர்கள்தான் இந்த மூன்றையும் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். சிவப்பு வைத்தேன், மணப்பெண் அரக்குச் சிவப்புப் பட்டு. எது புடவை, எது ஃபோகஸ் என்று தெரியவில்லை. மஞ்சளுக்கு மாற்றினேன், சாமந்தி மாலை, மஞ்சள் கயிறு, ஜரிகை, சுற்றிலும் மஞ்சளடித்த மண்டபச் சுவர். வெள்ளைக்கு மாற்றினேன், மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் வேட்டி சட்டை. சில மாடல்களில் நீலமும் கொடுக்கிறார்கள். அவர்கள் புண்ணியவான்கள்.

சரி, ஆட்டோஃபோகஸே முகத்தைக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். கூட்டத்தில் முகத்தைத் தேடிப் பெட்டி போடுகிற வித்தை 2005-இல் நிக்கான் கூல்பிக்ஸ் கேமராக்களில் வந்துவிட்டது. இன்றைக்கு அது கண்ணையே தேடிப் பிடிக்கிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில் பெரிய குழுவை நிறுத்திக் கேமராவைத் தூக்கினேன். பச்சைப் பெட்டி அத்தனை பேரையும் தாண்டிப் பின்சுவருக்குப் போய், சந்தன மாலை போட்ட தாத்தா படத்தில் உட்கார்ந்துகொண்டது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். உயிரோடு இருக்கிறவர்கள் குழந்தையை அதட்டுகிறார்கள், தலையைத் திருப்பிப் பேசுகிறார்கள், கொட்டாவி விடுகிறார்கள். தாத்தா ஒருவர்தான் நேராகப் பார்க்கிறார், அசையாமல் இருக்கிறார், இரண்டு கண்ணும் முழுசாகத் தெரிகிறது. கேமரா எதிர்பார்க்கிற லட்சணம் எல்லாம் அவரிடம் இருக்கிறது.

இதற்கும் மெனுவில் வழி சொல்லியிருந்தார்கள். வேண்டியவர்களின் முகத்தைப் பதிவு செய்து வைக்கலாமாம். எட்டு பேர் வரை. கூட்டத்தில் அந்த எட்டு முகங்களுக்குத்தான் முன்னுரிமை. இதோடு நிறுத்தியிருந்தால் குடும்பம் தப்பித்திருக்கும். எட்டு பேருக்கும் வரிசை எண் உண்டு என்று வைத்துவிட்டார்கள். ஒன்றாம் எண்ணும் இரண்டாம் எண்ணும் ஒரே படத்தில் நின்றால் கேமரா ஒன்றாம் எண்ணுக்குத்தான் ஃபோகஸ் செய்யும்.

நான் மேஜையில் உட்கார்ந்து பதிவு செய்துகொண்டிருந்தபோது மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"ஒண்ணாம் நம்பர் யாரு?"

"நீதான்."

"அப்ப அத்தை?"

அம்மா பக்கத்து அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காது சுத்தமாகக் கேட்கும். "எனக்கென்னப்பா, நான் எட்டாவதா இருந்தா என்ன, எங்க இருந்தா என்ன. கேமராவுல விழணும்னா நான் பிறந்தேன்?" என்றார்.

வரிசையை மாற்றுவதற்கென்றே மெனுவில் ஒரு பகுதி இருக்கிறது. அம்மாவை ஒன்றாக்கி மனைவியை இரண்டாக்கினேன். மாலையில் மாமியார் போன். செய்தி எப்படிப் போனது என்று கேட்கவில்லை. "மாப்பிள்ளை, புதுசா ஏதோ நம்பர் குடுத்திருக்கீங்களாமே" என்று ஆரம்பித்தார். சமநிலை என்று ஒரு ஏற்பாடு அந்த மெனுவில் கிடையாது. இரண்டு பேரை ஒன்றாம் இடத்தில் வைக்க முடியாது. எட்டு முகங்களையும் அழித்துவிட்டேன். "அப்ப நாங்க யாருமே முக்கியமில்லையா?" என்று இப்போது இருவரும் ஒரே அணியில் சேர்ந்து கேட்கிறார்கள். வீட்டு ஒற்றுமைக்கு அந்தப் பகுதி செய்த ஒரே உதவி அது.

சிரித்தால் தானாகவே படம் எடுக்கிற வசதியும் இருந்தது. 2007-இல் சோனி அந்த வசதியோடு கேமரா விட்டது. எங்கள் குடும்பத்தில் போட்டோவுக்குச் சிரிப்பது மரியாதைக் குறைவு. கையைத் தொடையோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து நிற்பார்கள். கேமராவும் காத்திருந்தது, அவர்களும் காத்திருந்தார்கள். அந்த வசதியையும் அணைத்தாயிற்று.

கடைசியில் எனக்குப் பிடித்தமான ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் கேமரா சேர்த்தே பூட்டும். இது எனக்கு ஒவ்வாது. ஃபோகஸ் ஓர் இடத்தில், வெளிச்சம் இன்னோர் இடத்தில் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டையும் பிரிக்கும் வசதி 1989-இலேயே கேனன் இஓஎஸ் 630 கேமராவில் இருந்தது. இன்று பைக்குள் போகிற கேமராவுக்கும் வந்துவிட்டது. ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸைக் கழற்றி, பின்னால் கட்டைவிரல் படும் பட்டனுக்குக் கொடுத்தேன். கட்டைவிரலால் ஒரு தடவை ஃபோகஸ் செய்து விரலை எடுத்துவிட்டால் அது அங்கேயே நிற்கும். அப்புறம் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். நடுவில் யாராவது குறுக்கே போனாலும் கேமரா அவர்கள் பின்னால் ஓடாது. பந்தியில் இலைக்கும் வாய்க்கும் நடுவே போகிற கையைப் படமெடுக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

சிக்கல் எங்கே என்றால், கேமரா எனக்கு எவ்வளவு பழகியதோ அவ்வளவு மற்றவர்களுக்கு அந்நியமாகிவிட்டது. என் மச்சான் நல்ல பையன். "அத்தான், நீங்க போய் நில்லுங்க, நான் எடுக்கேன்" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் கையை நீட்டுவான். வாங்கி ஷட்டரை அழுத்துவான். கேமராவும் கிளிக் என்று சத்தம் போடும். ஆனால் ஃபோகஸ் நான் கடைசியாக எடுத்த தாம்பாளத்துக் குங்குமச் சிமிழில் நின்றிருக்கும். படத்தில் நான், என் மனைவி, எங்கள் இரண்டு வீட்டார் எல்லாரும் கரைந்து போயிருப்போம். நான் எடுத்த படங்களில் எல்லாரும் துல்லியமாக இருக்கிறார்கள், நான் இல்லை. நான் இருக்கிற படங்களில் யாருமே தெரியவில்லை.

அவனுக்குச் சொல்லிக் கொடுத்தும் பார்த்தேன். "முதல்ல கட்டைவிரலால இந்தப் பட்டனை அழுத்து, பெட்டி பச்சையாகும், விரலை எடுத்திடு, பிறகு வளையத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி வேட்டியைப் பாரு, அப்புறமா ஷட்டர்." பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். கேட்டுவிட்டு, "அத்தான், என் போன்லயே எடுத்திரட்டா?" என்றான்.

அன்று ராத்திரியே டயலில் இருந்த நினைவு இடங்களைத் தேடிப் போனேன். நம் செட்டிங்குகளைச் சேர்த்து வைக்க 1, 2 என்று இடம் கொடுத்திருப்பார்கள். ஒன்று எனக்கு. இரண்டாவதற்கு வீட்டில் மச்சான் மோடு என்று பெயர். அதில் ஆட்டோஃபோகஸே கிடையாது. ஜூமை முழுக்க அகலத்துக்குக் கொண்டுவந்து, அபெர்ச்சரை நாலில் வைத்து, தூரத்தைக் கையால் 2 மீட்டரில் நிறுத்திவிட்டேன். ஒரு அங்குல வகை சென்சாரும் 8.8 மில்லிமீட்டர் லென்ஸும் உள்ள கேமராவில் இப்படி வைத்தால், ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாமே தெளிவாக விழும். லென்ஸ் சின்னதாக இருப்பதில் உள்ள சௌகரியம் இது. ரிகோ ஜிஆர் கேமராக்களில் இதை ஸ்னாப் ஃபோகஸ் என்று மரியாதையாகவே வைத்திருக்கிறார்கள். அந்த வரிசைக் கேமராக்களோடு தெருத்தெருவாக நடந்தவர் ஜப்பானின் டைடோ மொரியாமா. ஐஎஸ்ஓ தானாகவே 3200 வரை போகலாம், ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே இறங்கக் கூடாது, எக்ஸ்போஷர் நிரந்தரமாக மூன்றில் இரண்டு பங்கு கூட்டல். தொடுதிரையும் அணைந்திருக்கும். வாங்கிப் பார்ப்பவர்கள் "எங்க தொடணும்?" என்று கேட்டுக்கொண்டே தொட்டுவிடுகிறார்கள்.

ஒரு விஷயம்: சில கேமராக்கள் அணைத்து எழுப்பினால் கையால் வைத்த தூரத்தை மறந்துவிடும். எனவே உயிரோடுதான் கை மாற்ற வேண்டும்.

இப்போது மச்சான் எடுக்கிற படங்களில் எல்லாரும் துல்லியமாக இருக்கிறார்கள், தாத்தா உட்பட. என்னென்னவோ செய்யக்கூடிய கேமராவை எல்லா வித்தையையும் கழற்றி, அப்பா வைத்திருந்த அக்ஃபா கிளிக் த்ரீ பெட்டிக் கேமராவாக ஆக்கியிருக்கிறேன் என்பது எனக்கும் தெரியும். அதில் 120 ரோல் போட்டால் பன்னிரண்டு படம். பார்த்தால் அழுத்த வேண்டியது, அவ்வளவுதான். அப்பா எடுத்த படங்களில் சித்தப்பாவின் வேட்டி இன்றைக்கும் வெள்ளையாக இருக்கிறது. ஆனால் ஒன்றாம் எண்ணை விட்டுக்கொடுக்க மாட்டேன். வளையத்தைத் திருப்பி வெளிச்சத்தைக் கையில் பிடிக்கிற சுகம் மச்சானுக்குத் தெரியாது.

நீங்களும் இதில் இறங்கினால் ஒரு வார்த்தை. மெனுவில் ரீசெட் என்று ஒன்று பக்கத்திலேயே இருக்கும். வீட்டுக் குழந்தைகளுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். ரிப்பேருக்குக் கொடுத்தாலும் பிறந்தமேனியாகத் திரும்பி வர வாய்ப்புண்டு. எனவே எல்லாவற்றையும் வைத்து முடித்ததும் மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த செட்டிங்கும் கேட்காமல் செல்போன் அதைத் துல்லியமாக எடுத்துத் தரும்.