மலை இறங்கினாலும் இறங்காத பசி

கேள்வி: எடை குறைக்கவென்று ஞாயிறுதோறும் ரிவர்ஸ்டன் கோபுரம் வரை ஏறுகிறேன். ஆறு கிலோ குறைந்துவிட்டது. ஆனால், ரத்தோட்டைக்கு வந்து சேர்வதற்குள் பசி உயிரை எடுக்கிறதே?
– மாத்தளை வாசகர்

பதில்: ரிவர்ஸ்டன் காற்று தொப்பியைத்தான் பறிக்கும், தொப்பையை நீங்களே அல்லவா இறக்கியிருக்கிறீர்கள்! பாராட்டுகள். பசிக்காக வெட்கப்படாதீர்கள், அது மனவுறுதிக் குறைவல்ல. கொழுப்பு கரையும்போது பசியடக்கும் லெப்டின் இறங்கும், பசி தூண்டும் கிரெலின் ஏறும். இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி அளவு பசி கூடுவதாக 2016இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு கணித்தது. உங்கள் கணக்கில் 600!

அதனால் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், நீரிழிவு மாத்திரை எடுப்பவரென்றால் கட்டாயம் கூடாது. காலையில் இலைக்கஞ்சியும் ஒரு முட்டையும். பையில் அவித்த கொண்டைக்கடலை. புரதமும் நார்ச்சத்தும் வயிற்றில் நெடுநேரம் நிற்கும். ஒரு மணி நேர ஏற்றம் எரித்ததை ஒரு கொத்து ரொட்டி பத்தே நிமிடத்தில் திருப்பித் தந்துவிடும். கடலையை மேலேயே தின்றுவிடாதீர்கள்: கொத்துக் கடையின் தாளம் காதில் விழுவது கீழே வந்த பிறகுதான்.