விளக்கு எரிந்தால் விட்டுவிடலாமா?

கேள்வி: என் காரில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது. "வண்டி நல்லாத்தானே ஓடுது, விடுங்க சார்" என்கிறார் மெக்கானிக். விடலாமா?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: விடவே கூடாது! வண்டி ஓடுவதற்கு ஏர்பேக் தேவையில்லை. மோதி நிற்கும் நொடிக்குத்தான் தேவை. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் மோதலில் பை விரியாமல் போகலாம். பெல்ட்டை இறுக்கும் கருவியும் கைவிடலாம்.

புதுக் கார்தானே என்ற அசட்டையும் வேண்டாம். ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியில் பழுது இருக்கலாம் என்று 2023 ஜனவரியில் மாருதி சுசூகி 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. அத்தனையும் ஆறு வாரத்துக்குள் தயாரானவை! அப்படியொரு பட்டியலில் உங்கள் கார் உண்டா என்று, சேஸிஸ் எண்ணைச் சொல்லி விசாரியுங்கள்.

பெல்ட்டை வெடுக்கென்று இழுங்கள். சட்டென்று பூட்டிக்கொள்ள வேண்டும். புடவையின் கோர்வையைத் தடவிப் பார்க்கும் ஊர்க்காரர் நீங்கள். பெல்ட்டின் ஓரத்தையும் அப்படியே தடவுங்கள். நூல் பிரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பின் சீட்டுக்காரரும் பெல்ட் போடட்டும். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் பால்கர் அருகே இறந்தது சொகுசுக் காரின் பின் சீட்டில், பெல்ட் இல்லாமல்.

ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை, மாற்று அல்ல. இன்றே சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.