‘விடப்படும்’: ஒரு வினைமுற்று குறித்த ஆராய்ச்சி

திருச்சிராப்பள்ளி வீட்டு வாசல்களில் தொங்கும் பலகைகளை ஆனி முழுக்கப் படித்துத் திரிந்ததில் விளைந்தது இவ்வாராய்ச்சி. ஆய்வுக் களம் வடக்கே திருவானைக்காவல், தெற்கே எடமலைப்பட்டிபுதூர். கருவிகள்: ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல், வாடகையாக 8,000 ரூபாய்க்கு மேல் தாங்காத ஒரு சம்பளம். தில்லைநகரைச் சேர்க்கவில்லை. அங்கே வண்டியை நிழலில் நிறுத்தலாம், அவ்வளவுதான் நம் வசதி.

மூலபாடம்: “வீடு வாடகைக்கு விடப்படும்.” செயப்பாட்டு வினை, விடுபவர் யார் என்பது மறைந்து நிற்கிறது. விசாரித்தால் அவர் சிங்கப்பூரில் இருப்பார், சாவி மாமியாரிடம் இருக்கும். காலமோ எதிர்காலம். போன் செய்தால் “நேத்துதான் சார் விட்டோம்” என்று இறந்தகாலம் பதில் சொல்லும். இந்த வினை நிகழ்காலத்தில் வழங்கியதற்குச் சான்றில்லை.

“பஸ் ஸ்டாண்ட் அருகில்” என்றொரு இடைச்செருகலும் உண்டு. சத்திரமா, மத்தியப் பேருந்து நிலையமா, 2025இல் திறந்த பஞ்சப்பூரா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர்.

இனி வினா இயல். வினா ஆறு வகை என்று நன்னூலில் பவணந்தியார் முடித்துவிட்டார். அவர் சமண முனிவர். வாடகைக்கு வீடு தேடியிருக்க மாட்டார். ஏழாவதை நான் கண்டது திருவானைக்காவலில், ஒரு மாடிப்படியில். சாவிக்கொத்தோடு முன்னால் ஏறிய அம்மாள் நாலாவது படியில் நின்றார்.

“தம்பிக்கு எந்தப் பக்கம்?”

“லால்குடி பக்கம்மா.”

“லால்குடியேவா, உள்ள கிராமமா?”

கிராமத்தைச் சொன்னேன். இரண்டு படி ஏறினார். “அங்க எந்தத் தெரு?” அதையும் சொன்னேன். “குலதெய்வம்?” படிகள் தீர்வதற்குள் அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கேட்க வந்ததைக் கேட்காமலே ஊரையும் தெருவையும் சாமியையும் சுற்றி வந்து கேட்பதால் இதற்குச் ‘சுற்றுவினா’ என்று பெயரிடுகிறேன். பூட்டைத் திறக்கவே இல்லை. “பையன் கல்யாணத்துக்கு அப்புறம் வேணும்னு வச்சிருக்கோம் தம்பி” என்றார். கேட்டதற்கு நேராகச் சொல்லாமல் வேறொன்றைச் சொல்லி விடையை உணர்த்துவது நன்னூலில் இனமொழி விடை. பெயர் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் என்று பவணந்தியார் நினைத்திருப்பாரோ என்னவோ. பையன் கீழே முற்றத்தில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான்.

பூட்டு திறந்த வீடுகளில் புணர்ச்சி இயல் தொடங்கும். சொன்ன வாடகை நம் கையோடு இயல்பாகப் புணர்வதில்லை. மூன்று விகாரமும் உண்டு. தோன்றல்: மோட்டார், மெயின்டனன்ஸ், வாசல் பெருக்க என்று மாதம் 600 ரூபாய் புதிதாகத் தோன்றும். திரிதல்: இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மின்சாரத்தை அரசு இலவசமாகத் தருகிறது, சப்-மீட்டருக்குள் நுழைந்ததும் அது யூனிட் 9 ரூபாயாகத் திரியும். கெடுதல்: அட்வான்ஸ். காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாதம், ஆணி அடித்ததற்கு இவ்வளவு என்று நடுவெழுத்துகள் கெட்டுப்போய் மிச்சம் வரும். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாதென்று 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய என்று ஒரு வினையெச்சத்தையும் சேர்த்துச் சொல்கிறது. பத்து மாதத்துக்குக் குறையாது என்று இதைக் கொண்டுதான் உறையூரில் ஒருவர் எனக்குப் பாடம் நடத்தினார்.

கடைசியில் வீடு கிடைத்தது, பலகையே இல்லாத ஒரு வாசலில். சொன்னவர் புத்தூர் முக்கில் இஸ்திரி போடுகிறவர். “போர்டு மாட்டுற வீடெல்லாம் ஏற்கெனவே நாலு பேரு வேணாம்னுட்டுப் போனது சார்” என்றார் கரியை ஊதிக்கொண்டே. ஒரு மாதமாக நான் தவறான சுவடிகளைப் பதிப்பித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்காரம்மா ஊர் கேட்கவில்லை. குழாயைத் திறந்து காட்டினார். முதலில் காற்று, பிறகு செம்மண் நிறம், பிறகு தண்ணீர். 7,500 ரூபாய் என்றார்.

“நாளைக்கே பால் காய்ச்சிடலாமாம்மா?”

“நாளைக்கு ஆடி பொறக்குதே தம்பி, ஆடியில குடிவரக் கூடாது. ஆவணியில வாங்க.” சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். “வாடகை மட்டும் இந்த மாசத்துல இருந்தே கணக்கு.”

நான் தேடிய நிகழ்காலம் அங்கே இருந்தது.