ஆர்.கே.புரத்தில் முடி காப்பது எப்படி

முதலில் குற்றவாளியைப் பிடியுங்கள். ஆர்.கே.புரம் தமிழர்களுக்கு இது சுலபம்: டெல்லித் தண்ணீர். நம் முருகன் கோயிலான மலை மந்திர் வாசலில் செருப்பை விடும்போதே ஒரு மாமா உங்கள் நெற்றியை அளந்து, "தண்ணிதாம்ப்பா, ஒரே உப்பு" என்பார். 1973 கும்பாபிஷேகத்தையே பார்த்தவர். எதிர்த்துப் பேச முடியாது. காவிரியில் குளித்து வளர்ந்த உங்கள் அப்பாவுக்கு முப்பத்தைந்திலேயே வழுக்கை விழுந்த கதையை அங்கே எடுக்காதீர்கள். பரம்பரையைத் திட்டுவதைவிடத் தண்ணீரைத் திட்டுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

அடுத்து எண்ணெய். ஊரிலிருந்து வருகிறவர்கள் கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் போட்டுக் காய்ச்சியதை பாட்டிலில் கொண்டுவருவார்கள். அது ரயிலிலேயே கசிந்து பெட்டிக்குள் பரவிவிடும். ஒரு மாதம் பொறுங்கள். பெட்டியில் முடி முளைத்தால் தலையிலும் தடவலாம். வழுக்கையைக் குணமாக்குவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று மருந்து விதிகளின் அட்டவணை 'ஜே' சொல்கிறது. ரூல் படித்தே பிழைக்கும் நம் அரசு ஊழியர் காலனியில் இந்த ஒரு ரூலை மட்டும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

சரி, மருந்துக்கு வருவோம். மினாக்ஸிடில், ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு நெற்றியிலும் கையிலும் முடி வளரவே, 1988-இல் அமெரிக்காவில் அதைத் தலைக்குத் தடவும் மருந்தாக்க அனுமதி கிடைத்தது. காலை ஒரு மில்லி, இரவு ஒரு மில்லி, காய்ந்த தலையில், நாள் தவறாமல். தடவி நான்கு மணி நேரம் தலைக்குக் குளிக்கக் கூடாது. டெல்லி ஜனவரியில் இதைச் சொல்ல டாக்டரே தேவையில்லை. முதல் சில வாரங்களில் முடி இன்னும் அதிகமாகக் கொட்டும். பதறாதீர்கள்: பழையவர்களை ரிலீவ் செய்தால்தானே புதியவர்களுக்குப் போஸ்டிங்? பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும்.

ஃபினாஸ்டிரைடு வேறு ரகம். ஆண் ஹார்மோன் டிஹெச்டியாக மாறி முடிவேரைச் சுருக்குவதை உள்ளிருந்தே தடுக்கும். இதுவும் கடன் வாங்கிய மருந்துதான்: 1992-இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாக வந்து, 1997-இல் முடிக்காக 1 மில்லிகிராம் ஆனது. தண்ணீர் மாமா ராத்திரி எழுந்திருக்காமல் தூங்குவதற்காக விழுங்குவது இதே மாத்திரையாகக்கூட இருக்கலாம். பிறகு ஏன் அவர் தலையில் ஒன்றும் இல்லை என்றால், வேர் செத்து வருஷக்கணக்காகிறது. இருப்பதைக் காக்கத் தெரிந்த மருந்துக்குப் போனதை அழைத்துவரத் தெரியாது.

இந்த மாத்திரை விஷயத்தில் மட்டும் விளையாட்டை நிறுத்திக்கொள்கிறேன். சிலருக்கு ஆசை குறையும், மனம் சோர்ந்து போகும். புராஸ்டேட்டுக்காகச் செய்யும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. தோல் டாக்டரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

இரண்டில் எது சிறந்தது? ஆண்களில் பலருக்கு இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகப் போடுவதைவிடப் பலன் அதிகம். ஆனால் எதுவானாலும் நம் குவார்ட்டர்ஸ் மாதிரிதான். சர்வீஸில் இருக்கும்வரை இடம் உங்களுடையது. மினாக்ஸிடிலை நிறுத்தினால் மூன்று நான்கு மாதத்தில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஃபினாஸ்டிரைடு கொஞ்சம் கூடுதலாக அவகாசம் தரும், அவ்வளவே.

டெங்கு வந்துபோன இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதா? அது வேறு கேஸ். பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும். மருந்துக்காரரிடம் இதைச் சொல்லாதீர்கள், பாவம்.

இத்தனையும் ஆகாது என்றால் பழனிக்கு டிக்கெட் போடுங்கள். மொட்டைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும்; அதற்குள் அடுத்த வேண்டுதலை யோசித்து வையுங்கள்.